வெள்ளைக்காரர் வயல் அல்ல

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் பங்காருபேட்டையும் மாலூரும் தாண்டிய சிறிது நேரத்தில், மஞ்சள் பலகையில் கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட ஒரு பெயரைப் பார்க்கலாம்: வைட்ஃபீல்ட். முன்னும் பின்னும் வரும் ஸ்டேஷன்கள் தேவனகொந்தி, ஹூடி, கிருஷ்ணராஜபுரம் என்று மண்வாசனையோடு இருக்க, நடுவில் இது மட்டும் இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து தவறி விழுந்ததுபோல நிற்கும்.

பெயர் எப்படி வந்தது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் யோசிக்காமல் பதில் வரும்: "வெள்ளைக்காரர்கள் இருந்த இடம், அதனால் வைட்ஃபீல்ட்." சுலபமான பதில்தான். ஆனால் தவறான பதில். பெயரில் உள்ள வைட் ஒரு நிறம் அல்ல, ஒரு மனிதர். வெள்ளைக்காரர்களின் கணக்கில் அவர் வெள்ளைக்காரரும் அல்ல. அவர் அங்கே குடியேற்ற நினைத்தவர்கள், வெள்ளைக்காரர்கள் தங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ள மறுத்த ஜனங்கள்.

பெயர்க்கதைகளில் ஏமாறுவது பெங்களூருக்குப் புதிதல்ல. அந்த நகரத்தின் பெயரே நல்ல உதாரணம். பசியோடு வந்த ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாளாம். 'பெந்த காளு ஊரு', அதாவது வெந்த பயறின் ஊர், நாளடைவில் பெங்களூரு ஆனதாம். குழந்தைகளுக்குச் சொல்ல அருமையான கதை. வீர வல்லாளன் 12ஆம் நூற்றாண்டுக்காரன். நகரத்தின் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள வீரக்கல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் 'பெங்களூரு' நடந்த சண்டையைப் பற்றிப் பொறித்திருக்கிறார்கள். மன்னன் பிறப்பதற்கும் கிழவி அடுப்பு மூட்டுவதற்கும் 200 ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கல் சொன்ன பிறகும் பயறுக்கதை சாகவில்லை. பாடப்புத்தகத்துக்கும் சுற்றுலாக் கையேட்டுக்கும் கிழவிதான் வேண்டும்.

வைட்ஃபீல்டில் விஷயம் தலைகீழ். இங்கே உண்மை, கதையைவிடச் சுவாரசியமானது. ஆனால் அதைச் சொல்பவர்கள் குறைவு.

டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வைட், சுருக்கமாக டி.எஸ். வைட், மெட்ராஸ்காரர். ஐரோப்பிய ரத்தமும் இந்திய ரத்தமும் கலந்த யூரேஷிய சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் 'ஆங்கிலோ இந்தியர்' என்றால் இந்தியாவில் வேலை பார்க்கும் சுத்தமான ஆங்கிலேயர் என்றுதான் பொருள். கலப்பு வம்சாவளியினருக்கு அதிகாரபூர்வமாக அந்தப் பெயர் கிடைத்தது 1911ல். அதுவரை அவர்கள் யூரேஷியர்கள். வாய்க்கு வந்தபடி அழைத்த வேறு பெயர்களும் உண்டு. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

இந்த ஜனங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் தானே வளர்த்தது. கம்பெனிச் சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் இந்தியப் பெண்களை மணந்துகொள்வதை ஒரு காலத்தில் அது ஊக்குவித்தது. பிறகு பயம் வந்தது. கல்கத்தாவில் ராணுவ அதிகாரிகளின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர்கள் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போவதை 1786ல் தடுத்தார்கள். 1791ல் கம்பெனியின் சிவில், ராணுவப் பதவிகளின் கதவை மூடினார்கள். 1795ல் ராணுவத்தில் இவர்களுக்கு மிச்சம் வைத்தது குழல் ஊதுவதும் முரசு அடிப்பதும் குதிரைக்கு லாடம் அடிப்பதும்தான். அப்பாவின் துப்பாக்கியைப் பிள்ளை தொடக்கூடாது, வாத்தியம் வாசிக்கலாம் என்பது கம்பெனியின் நியாயம்.

பின்னாளில் தந்தியும் ரயிலும் வந்து அவர்களுக்குச் சோறு போட்டன. ஆனால் அது அரசாங்கத்தை நம்பிய சோறு. படித்த இந்தியர்கள் போட்டிக்கு வந்தால் போகக்கூடிய சோறு. வைட் பயந்தது இதற்குத்தான். சம்பளம் நின்றால் திரும்பிப் போக இவர்களுக்கு ஒரு கிராமம் கிடையாது. மாமன், மச்சான், பங்காளி, வாய்க்கால் வரப்பு எதுவும் கிடையாது. 'ஹோம்' என்று பேசிய இங்கிலாந்தைப் பலர் கண்ணால் கண்டதில்லை. சென்னையில் குமாஸ்தா வேலை இழந்த ஒரு முதலியாரோ நாயுடுவோ ஊருக்குப் போய் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். யூரேஷியருக்குத் திண்ணை இல்லை.

1879ல் வைட் மெட்ராஸில் யூரேஷிய, ஆங்கிலோ இந்திய சங்கத்தை ஆரம்பித்தார். நம்மவர்கள் நிலத்துக்குப் போக வேண்டும், ஏர் பிடிக்க வேண்டும், சொந்தக் கிராமம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. மைசூரிலும் சங்கத்துக்குக் கிளை முளைத்தது. நேரமும் சாதகமாக அமைந்தது. 50 ஆண்டு நேரடி பிரிட்டிஷ் நிர்வாகத்துக்குப் பிறகு, 1881 மார்ச் 25 அன்று மைசூர் சமஸ்தானம் மீண்டும் உடையார் வம்சத்திடம் வந்திருந்தது. மகாராஜா சாமராஜ உடையாருக்கு அப்போது 18 வயது. திவான், செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து போன ரங்காசார்லு. நாட்டிலேயே முன்மாதிரியாகப் பேசப்பட்ட மைசூர் பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டியவர். புது ராஜாவும் கெட்டிக்கார திவானும் ஆண்ட அந்த நேரத்தில், 1882ல், சங்கத்துக்கு விவசாயக் குடியிருப்புகள் அமைக்க 3,900 ஏக்கர் நிலம் மானியமாகக் கிடைத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு வரை 1864லேயே ரயில் ஓட ஆரம்பித்திருந்ததால், பாதையை ஒட்டிய இடமாகவும் அது வாய்த்தது.

அந்த நிலத்தில் எழுந்த குடியிருப்புக்கு, கனவு கண்டவரின் பெயரையே வைத்தார்கள். வைட் அவர்களின் வயல், வைட்ஃபீல்ட். முனுசாமி நகர், ராமசாமி பாளையம் என்று நாம் வைப்பதுபோலத்தான். இதில் மர்மம் ஒன்றுமில்லை. (பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் 18ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் பிரசங்கி ஜார்ஜ் வைட்ஃபீல்டிடம் போய் நிற்கலாம். அவர் அமெரிக்காவைக் கலக்கியவர், 1770ல் அங்கேயே இறந்தவர். பெங்களூர்ப் பக்கம் வந்ததே இல்லை. தவிர, அவர் பெயரை உச்சரிப்பதே விட்ஃபீல்ட் என்று.)

கிராமத்தின் அமைப்பில் வைட்டின் மனசு தெரிகிறது. நடுவில் ஒரு வட்டமான திடல். அதைச் சுற்றி ஓட்டுக்கூரை வேய்ந்த பங்களாக்கள். விவசாய நிலங்கள் வெளியே. எல்லாருடைய வாசலும் ஒரே திடலைப் பார்த்துத் திறக்கும். இன்றும் அந்த இடத்துக்கு இன்னர் சர்க்கிள் என்றுதான் பெயர். 1880களில் எழுந்த மெமோரியல் சர்ச்சும் பக்கத்தில் உண்டு. ஒரு தெரு, அதன் முனையில் கோயில், பின்னால் வயல் என்று தஞ்சாவூர்க் கிராமம் எப்படித் தன்னைத் தானே கட்டிக்கொண்டதோ, அதையே காகிதத்தில் வட்டம் போட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். வேரில்லாதவர்கள் வேர் விட எடுத்த முயற்சி.

பெயர்களிலும் அந்தத் தவிப்பு இருக்கிறது. வைட்ஃபீல்டோடு சேர்ந்து காதில் விழுந்த மற்றக் குடியிருப்புகளின் பெயர்கள் சாஸ்மண்ட், கிளென் கார்டன். கிளென் என்பது ஸ்காட்லாந்தில் மலைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். கார்டன் என்பது ஸ்காட்லாந்தின் பேர்பெற்ற குலங்களில் ஒன்று. பெங்களூருக்குக் கிழக்கே உள்ளது கேழ்வரகு விளையும் மேட்டு நிலம். பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமானால் பல மைல் போக வேண்டும். வைட்ஃபீல்டில் இருந்த விடுதிக்கு வேவர்லி இன் என்று பெயர். வேவர்லி, ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1814ல் எழுதிய நாவலின் பெயர். எடின்பரோ நகரின் பெரிய ரயில் நிலையத்துக்கும் அந்த நாவல் வரிசையிலிருந்துதான் வேவர்லி என்று பெயர் வந்தது. யாரும் பார்க்காத ஊரின் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள். சாஸ்மண்ட் எங்கே, கிளென் கார்டன் எங்கே என்று இன்றைக்கு வைட்ஃபீல்ட் ஆட்டோக்காரரைக் கேட்டால் விழிப்பார். வைட்டின் பெயர் மட்டும்தான் பிழைத்தது.

விவசாயக் கனவு பெரிதாகப் பலிக்கவில்லை. ஏரிப் பாசனத்துக்கும் பருவமழைக்கும் பழகிய கைகள் வேறு. தந்தி அடித்த கைகள் வேறு. இளைஞர்களை ரயில்வேயும் கோலார் தங்கவயலும் இழுத்துக்கொண்டன. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்த பிறகு, மண்வெட்டியைவிடச் சுரங்கத்தில் சம்பளம் நிச்சயமாக இருந்தது. வைட்டும் 1889ல் காலமானார். வைட்ஃபீல்ட் நாளடைவில் ஓய்வு பெற்றவர்களின் ஊராக மாறியது. பென்ஷன், பழத்தோட்டம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், கிறிஸ்துமஸ் நடனம் என்று அமைதியான வாழ்க்கை. விவசாயப் புரட்சி இல்லைதான். ஆனாலும் திண்ணை கிடைத்தது.

இனி அந்தப் பிரபலமான கதைக்கு வரலாம். வைட்ஃபீல்ட் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தவர்களுக்கும் தெரிந்திருப்பது இதுதான்: இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில், வேவர்லி இன் விடுதிக்காரர் ஹாமில்டனின் மகள் ரோஸ் மீது காதல் கொண்டு, குதிரையேறி அடிக்கடி அங்கே வருவாராம். சில சமயம் அவர் விடுதியில் தங்கியதாகவும், சில சமயம் நடனமாடியதாகவும் கதை, சொல்பவரைப் பொறுத்து வளரும்.

சர்ச்சில் பெங்களூரில் இருந்தது உண்மை. 1896 அக்டோபரில் நாலாவது ஹுஸ்ஸார் குதிரைப்படையின் லெப்டினென்டாக, 21 வயதில் வந்தார். மத்தியானம் முழுக்கப் புத்தகம் படித்தார். சாயங்காலம் போலோ ஆடினார். பட்டாம்பூச்சி சேர்த்தார், சேர்த்ததை ஒரு எலி தின்றுவிட்டது. பங்களாத் தோட்டத்தில் ஏராளமான ரோஜாச் செடிகளை வளர்த்தார். யுனைடெட் சர்வீஸ் கிளப்பில், அதாவது இன்றைய பெங்களூர் கிளப்பில், 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வராக்கடன் என்று எழுதப்பட்ட 1899ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தைக் கிளப்பில் கண்ணாடிக்குள் பெருமையாக வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் பிரதம மந்திரி ஆனால் கணக்குப் புத்தகமும் பொக்கிஷமாகிவிடும் போலிருக்கிறது.

காதலும் உண்மைதான். ஆனால் அவருடைய கடிதங்களில் இருக்கும் பெண் பமேலா ப்ளௌடன். ஹைதராபாத் ரெசிடென்டின் மகள். போலோ ஆடப் போன இடத்தில், 1896 நவம்பரில் சந்தித்தார். யானை மேல் ஏறி ஹைதராபாத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். வைட்ஃபீல்ட் ரோஸைப் பற்றிச் சொல்பவர்கள் கடிதத்தையோ டைரியையோ காட்டுவதில்லை. தோட்டத்து ரோஜாதான் பேச்சில் பேச்சாக ஒரு பெண்ணாக மாறிவிட்டதோ என்று குறும்பாக யோசிக்கத் தோன்றுகிறது. குதிரையில் வந்தார் என்பதில் ஆச்சரியமில்லை. தண்டிலிருந்து வைட்ஃபீல்ட் ஒரு இளம் குதிரை வீரனுக்குத் தூரமே இல்லை. ஒரு முறை வந்து ஒரு கோப்பை பியர் குடித்திருக்கலாம். அதற்கு மேல் கதையை நம்ப ஆதாரம் வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. யூரேஷியர்களுக்காக நிலம் கேட்டு வாங்கிய யூரேஷியரின் பெயர் ஊர்ப் பலகையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஊரைப் பற்றிப் பேசுபவர்கள், வந்தாரா இல்லையா என்றே உறுதியில்லாத ஒரு ஆங்கிலேய லெப்டினென்டைப் பற்றிப் பேசுகிறார்கள். 'வெள்ளைக்காரர் வயல்' என்ற தவறான விளக்கமும் சர்ச்சில் கதையும் சேர்ந்து வைட்டை அவருடைய சொந்த ஊரிலிருந்தே வெளியேற்றிவிட்டன. 1791ல் கம்பெனி செய்ததை ஒரு வதந்தி மறுபடியும் செய்கிறது.

வைட்டுக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அவர் வாங்கிய நிலம் பெயரில்லாத பொட்டல் அல்ல. சுற்றிலும் காடுகோடி, இம்மடிஹள்ளி, ஹகதூர், நல்லூரஹள்ளி, பட்டந்தூர் என்று பழைய ஊர்கள். இதில் பட்டந்தூர் தமிழ் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். இந்தப் பகுதி ஒரு காலத்தில் சோழர்கள் கையில் இருந்தது. 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, ராஜராஜ வேளான் என்ற தலைவர் பட்டந்தூரில் ஏரி வெட்டி மதகு அமைத்ததையும், பிள்ளையார், துர்க்கை, க்ஷேத்திரபாலர் திருமேனிகளை எழுந்தருளச் செய்ததையும் சொல்கிறது. இவர் கவுண்டர் ஒருவரின் மகன். அப்பாவின் பெயர் கன்னட வாடையோடு பெர்மாடி கவுண்ட என்றிருக்க, மகனின் பெயரில் சோழச் சக்கரவர்த்தி இருக்கிறார். யாருடைய ஆட்சி நடக்கிறதோ அவருடைய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல.

ஏரி வெட்டிய வேளானும் வட்டம் போட்ட வைட்டும் ஒரே மேட்டு நிலத்தில், 839 ஆண்டு இடைவெளியில், ஒரே காரியத்துக்காக முயன்றார்கள்: மழை குறைந்த மண்ணில் மனிதர்களைக் குடியேற்றி நிலைக்கச் செய்வது. வேளானுக்குத் தண்ணீர் தெரிந்திருந்தது.

1947க்குப் பிறகு வைட்ஃபீல்டின் பழைய குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் புறப்பட்டன. அரசியல் சட்டத்தின் 366ஆவது பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுத்தது. தந்தை வழியில் ஐரோப்பிய ரத்தம் இருக்க வேண்டும், இந்தியாவில் நிலையாக வசித்த பெற்றோருக்குப் பிறந்திருக்க வேண்டும். மக்களவையில் அவர்களுக்கு நியமன எம்.பி.க்கள் இருவர் என்ற ஏற்பாடு, 104ஆவது திருத்தத்தின் விளைவாக 2020 ஜனவரியோடு முடிந்தது. வைட் பயந்தது ஓரளவு நடந்துவிட்டது: அரசாங்கத்தை நம்பிய இடம் அரசாங்கத்தோடு போனது.

ஊர் மட்டும் அவர் கனவிலும் கண்டிராத அளவுக்குப் பெருத்தது. சத்ய சாயி பாபாவின் பிருந்தாவன் ஆசிரமம் காடுகோடிக்குப் பக்தர்களைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் கூட்டு முயற்சியில் 1994ல் வேலை தொடங்கிய டெக்னாலஜி பார்க் கம்ப்யூட்டர் எஞ்சினியர்களைக் கொண்டுவந்தது. 2007ல் பெருநகர மாநகராட்சி கிராமத்தை விழுங்கியது. விவசாயக் குடியிருப்புக்காகக் கொடுக்கப்பட்ட நிலத்தில் இன்று சதுர அடிக்கு விலை பேசுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வந்த, சொந்த ஊர்த் திண்ணையை விட்டுவிட்டு வந்த இளைஞர்கள் அங்கே இ.எம்.ஐ. கட்டுகிறார்கள். இன்னர் சர்க்கிளில் பங்களாக்கள் பல இடிந்து வில்லாக்கள் ஆகிவிட்டன. ஒன்றிரண்டு ஓட்டு வீடுகள் மரங்களுக்கு நடுவே இன்னும் மூச்சு விடுகின்றன.

நகரத்தின் பெயர் 2014 நவம்பர் 1 முதல் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனபோது வைட்ஃபீல்டை யாரும் தொடவில்லை. புலிகேசி நகர் என்று மாற்றிய பிறகும் ஜனங்கள் ஃப்ரேசர் டவுன் என்றுதான் சொல்கிறார்கள் என்பதால், மாற்றியிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது.

2023 மார்ச் 25 அன்று, மைசூர் சமஸ்தானம் திரும்பக் கிடைத்த அதே தேதியில், தற்செயலாக, மெட்ரோ ரயில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரை ஓட ஆரம்பித்தது. வழியில் வரும் ஸ்டேஷன்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம்: ஹூடி, குந்தலஹள்ளி, நல்லூரஹள்ளி, சத்ய சாயி மருத்துவமனை, பட்டந்தூர் அக்ரஹாரா, ஹோப்ஃபார்ம் சன்னசந்திரா. சோழர் காலத்து ஏரியின் ஊர் பெயரில் இறங்கி, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜனங்கள் ஓடுகிறார்கள். கடைசி ஸ்டேஷனின் பலகையில் 'வைட்ஃபீல்ட் (காடுகோடி)' என்று எழுதியிருக்கிறது. வெளியே இருப்பது 1882ல் வந்த பெயர். அடைப்புக்குறிக்குள் இருப்பது அதற்கு முன்பே அங்கிருந்த ஊர்.